ஏழாம் நிலையத்தின் பதினோரு அளவுகள்

நவம்பர் 11, செவ்வாய்

இன்று காலை கலெக்டர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய போனுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு குறுஞ்செய்திகள் போயின. அத்தனையும் நான் அனுப்பியவை. நான் என்றால் என் கணினி. முந்நூற்றுப் பன்னிரண்டிலும் ஒரே சேதிதான்: ஆற்றில் நீர்மட்டம் அபாயக் கோட்டைத் தாண்டியது, உடனே நடவடிக்கை எடுக்கவும். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மாவட்டத்தில் ஆறு, ஓடை, குளம் என்று இருபத்து மூன்று இடங்களில் அளவு நிலையங்கள் இருக்கின்றன. மதகைத் திறந்து மூடும் லஸ்கர்கள் கால் மணிக்கு ஒரு தடவை அளவுக்கல்லைப் பார்த்து போனில் தட்டிவிடுவார்கள். அது சென்னையில் இருக்கும் கணினியில் போய் வரிசையில் நிற்கும். எங்கள் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் நான் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் காட்டும். அளவு கோட்டைத் தாண்டினால் கலெக்டர் முதல் கிராம உதவியாளர் வரை குறுஞ்செய்தி போகும். நேற்று முழுக்க வயரிங் வேலைக்காக அதை நிறுத்தி வைத்திருந்தோம். அன்றைக்குப் பார்த்து எட்டு இடத்தில் தண்ணீர் கோட்டைத் தாண்டி இறங்கியிருக்கிறது. அதைப் போனிலேயே பேசிச் சமாளித்துவிட்டோம். இன்று காலை நான் மென்பொருளைத் தொடங்கினேன். அது நேற்றிலிருந்து தேங்கிக் கிடந்ததையெல்லாம் முதலிலிருந்து வாசித்து, ஒவ்வொன்றுக்கும் இப்போதுதான் வந்தது போல அலறிவிட்டது.

கலெக்டர் போன் பண்ணினார். "மிஸ்டர், இங்க வெயில் அடிக்குது. நீங்க எந்த ஊர் வெள்ளத்தச் சொல்றீங்க?" ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அறையில் எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அறைக்குப் பொறுப்பான தாசில்தார் ஞானதுரை சார், "வே நம்பி, உம்ம மெஷினுக்கு நேத்து எது, இன்னைக்கு எதுன்னு தெரியாதா?" என்றார். நான் ஒப்பந்தத்தில் இருப்பவன். மார்ச் வந்தால் என் நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 12, புதன்

சரி பண்ணிவிட்டேன்.

அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது: தொடங்கும்போது தேங்கியவற்றைத் தவிர். அதற்கு நேரே 'இல்லை' என்று இருந்தது. 'ஆம்' என்று மாற்றினேன். வேலை அவ்வளவுதான்.

வீட்டில் என் மனைவி வடிவு இது என்ன ஏது என்று கேட்டாள். அவளுக்கு இப்படிச் சொன்னேன்: ரேஷன் கடையை ரெண்டு மணி நேரம் பூட்டிவிட்டுத் திறக்கிறார்கள். வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். இதுவரைக்கும் முதல் ஆளிலிருந்து பொருள் போட்டோம். இனிமேல் நிற்கிற நாற்பது பேரையும் கண்டுகொள்ளாமல், கடை திறந்த பிறகு வருகிறவனிலிருந்து ஆரம்பிப்போம்.

"அந்த நாப்பது பேரு என்னாவாங்க?" என்று கேட்டாள்.

"அது பழைய அளவுடி. பழைய அளவ வச்சு யாரு என்ன பண்ண?" என்றேன்.

எந்த மாற்றம் செய்தாலும் மாற்றப் பதிவேட்டில் எழுதி ஞானதுரை சாரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். இந்த ஒரு வரிக்காக ஒரு பக்கம் எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன். சோதனைக்காக மென்பொருளை நிறுத்திவிட்டுத் தொடங்கினேன். ஒரு குறுஞ்செய்திகூடப் போகவில்லை. "இப்பத்தான் புத்தி வந்திருக்கு உம்ம மெஷினுக்கு" என்று ஞானதுரை சார் தோளில் தட்டினார். மனசு நிறைந்துவிட்டது. தோளில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், நான் சொக்கிப்போய்விடுவேன்.

நவம்பர் 15, சனி

மழை. பாப்பாவின் யூனிபார்ம் காயவில்லை. அயர்ன் பெட்டியை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அனுப்பினோம்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆற்றங்கரைக் காலனிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அறுபத்தெட்டு வீடுகள். இடுப்பளவு. உயிர்ச்சேதம் இல்லை என்று எட்டு தடவை ஞானதுரை சார் போனில் சொன்னதைக் கேட்டேன். கீழமுறி அணைக்கட்டிலிருந்து ஒரு எச்சரிக்கையும் வரவில்லையாம். அங்கே இருக்கும் லஸ்கர் தூங்கிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

களைப்பு. நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 19, புதன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடவேண்டும். எழுதினால்தான் எனக்கே புரியும்.

கீழமுறிதான் எங்கள் திரையில் ஏழாம் நிலையம். அங்கே சிக்னல் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். செவ்வாய் காலை பத்தரைக்கு அங்கிருந்து வந்த அளவு மூன்று அடி இரண்டு அங்குலம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வழக்கமான சிக்னல் கோளாறு என்று நினைத்தோம். திரையில் ஏழாம் நிலையம் பச்சையாகவே நின்றது. பன்னிரண்டு ஐம்பதுக்கு எங்கள் கட்டடத்தில் கரண்ட் போயிற்று. யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிஷத்தில் படுத்துவிட்டது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி நான் மென்பொருளைத் திரும்ப எழுப்பியபோது மணி இரண்டு முப்பத்தைந்து. திரை வந்தது. மற்ற நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழு வரவில்லை. நாலு மணி சுமாருக்குக் காலனியில் தண்ணீர். ஏழாம் நிலையத்திலிருந்து அடுத்த அளவு வந்தது ஐந்து பத்துக்கு.

இன்று காலை எல்லோரும் காலனிக்குப் போன பிறகு, அறையில் ஆள் இல்லாத நேரத்தில், சென்னையில் இருக்கும் வரிசையைத் திறந்து பார்த்தேன். நம் மென்பொருள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், வந்து சேர்ந்தது ஏழு நாள் அங்கே இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும்.

ஏழாம் நிலையத்திலிருந்து பதினோரு அளவுகள் கிடந்தன. எல்லாம் செவ்வாய் மதியம் ஒன்று முப்பத்திரண்டுக்கு ஒரே கொத்தாக வந்து சேர்ந்திருக்கின்றன. சிக்னல் இல்லாதபோது போன் சேர்த்து வைத்துக்கொள்ளும், கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். பத்தே முக்காலுக்கு மூன்றரை அடி. பதினொன்றுக்கு நாலு. பதினொன்றரைக்கு ஐந்து. பன்னிரண்டுக்கு ஆறு அடி நாலு அங்குலம். அபாயக் கோடு ஆறு. கடைசி அளவு ஒன்றே காலுக்கு, ஒன்பது அடி மூன்று அங்குலம்.

நான் இரண்டு முப்பத்தைந்துக்குக் கடையைத் திறந்தேன். இந்தப் பதினோரு பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான்தான் கண்டுகொள்ளவேண்டாம் என்று எழுதி வைத்திருந்தேன்.

இரண்டு முப்பத்தைந்திலிருந்து நாலு மணி. ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் காலனி ஜனங்கள் பாத்திரம் பண்டத்தோடு மேட்டுக்குப் போயிருக்கலாம்.

வரிசையை மூடிவிட்டேன். கை நடுங்கியது என்று எழுத நினைத்தேன். நடுங்கவில்லை. நன்றாகத்தான் வேலை செய்தது.

நவம்பர் 20, வியாழன்

'ஆம்' என்பதைத் திரும்ப 'இல்லை' என்று மாற்றிவிட்டேன். காலையில் முதல் வேலையாக. இதையும் பதிவேட்டில் எழுதவில்லை.

கீழமுறி லஸ்கரை விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெயர் பேச்சித்தாய். ஒரு பெண் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். இத்தனை நாள் எனக்கு அது ஏழு. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். இந்த வருஷம் நிரந்தரமாக்கும் பட்டியலில் மூன்றாவதாக இருந்திருக்கிறார்.

சாயங்காலம் ஞானதுரை சாரிடம் சொல்லிவிடலாம் என்று அவர் மேஜை வரைக்கும் போனேன். "என்ன வே?" என்றார். "பிரிண்டர்ல டோனர் தீந்துட்டு சார்" என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

டோனர் வந்தது. மாட்டினேன்.

நவம்பர் 22, சனி

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் இதையும் நான் மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

பதினொரு மணிக்கு ஒரு அம்மா கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். அளவுப் பதிவேட்டைப் பாலிதீன் கவரில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். அறையில் ஞானதுரை சாரும் நாலைந்து பேரும் இருந்தார்கள். வாசலில் நின்றபடியே, "கம்ப்யூட்டர் சார் யாரு?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"சார், நான் கீழமுறி பேச்சித்தாய். அன்னைக்குக் காலையிலயே டவர் போயிட்டு. நான் பாட்டுக்குக் காமணிக்கு ஒருக்கா போன்ல தட்டிக்கிட்டே இருந்தேன். தண்ணி வார வேகத்தப் பாத்துப் பயந்து, ஒரு மணிக்கு மேல கரட்டு மேட்டுல ஏறுனேன் சார். அங்கன போன் பேச எடுக்காது, மெசேஜ் மட்டும் போகும். பதினோரு தடவ, போயிட்டுன்னு டிக்கு விழுந்துச்சு. எண்ணுனேன். டிக்கு விழுந்ததும் போன்ல இருந்து அழிஞ்சிருதுல்லா, அதான் காட்ட ஒண்ணும் இல்ல. பெறகுதான் ஷட்டரத் தூக்க ஓடுனேன். ஒத்த ஆளு சார், நாலு ஷட்டரு."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க மெஷின்ல ஒரு தடவ பாருங்களேன் சார். எங்கயாவது விழுந்து கெடக்கும்."

"பாத்துட்டேன்க்கா," என்றேன். "ஒண்ணும் வரல."

"நல்லாப் பாத்தீங்களா சார்?"

"நல்லாப் பாத்தேன்."

அந்த அம்மா கவரைப் பிரித்துப் பதிவேட்டை என் மேஜையில் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு, "நீங்க படிச்சவுக. நீங்க பாத்துட்டு இல்லன்னா இல்லதான்" என்றார். என் மேல் கோபமே இல்லை. பதிவேட்டைத் திரும்பக் கவரில் சுற்றிக்கொண்டு போனார்.

ஞானதுரை சார் எனக்கு ஒரு டீ சொன்னார். குடித்தேன். சீனி தூக்கலாக இருந்தது.

நான் பொய் சொல்ல மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பயந்தவன், சரி. ஆனால் பொய்யன் இல்லை என்று. இன்று அதுவும் போயிற்று. ஐந்து பேருக்கு முன்னால், முகத்துக்கு நேரே, ஒரு திக்கல் திணறல்கூட இல்லாமல் சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வடிவு தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய சேலை, போர்வை எல்லாம் வாங்கிச் சேர்த்திருந்தாள். காலனியில் கொடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம் வாங்கிப் போனேன். வீட்டுக்கு வீடு கயிறு கட்டிப் பாய் காய்கிறது. ஒரு வீட்டு வாசலில் ரேஷன் அரிசியை வெயிலில் பரப்பியிருந்தார்கள். நாற்றம்.

அங்கே ஒரு பெரியவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, "கலெக்டர் ஆபீஸ்ல இருந்து லீவு நாள்லகூட வந்திருக்கீங்களே" என்றார். பக்கத்தில் இருந்த பெண், "அந்த லஸ்கர் பொம்பளைய மட்டும் சும்மா விடாதீங்க சார்" என்றாள். வடிவு என்னைப் பார்த்தாள். நான் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில், "ஏங்க, உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 24, திங்கள்

வியாழக்கிழமை விசாரணை. பொதுப்பணித் துறை செயற்பொறியாளர் எழிலரசி மேடம் நடத்துகிறார்கள். தொழில்நுட்ப விவரம் சொல்ல நானும் வரவேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது.

நாளை மதியம் ஒன்று முப்பத்திரண்டுக்கு அந்தப் பதினோரு அளவுகளும் அழிந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடவேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். எடுத்து வைப்பதில் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷ வேலை. இன்றே எடுத்திருக்கலாம். இன்று பின்பக்கத்தில் ஞானதுரை சார் உட்கார்ந்துவிட்டார்.

பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். நாளை பதினொரு மணிக்குள்.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் பாப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல், டாக்டரிடம் போனதில் ஒரு மணி நேரம் தாமதம். போனதும் கூட்ட அரங்கில் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். அதை முடிக்கப் பன்னிரண்டே முக்கால். பிறகு பசித்தது.

கேன்டீனில் சாப்பிட்டேன். புளிக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். எதிரே சுவர்க்கடிகாரம் இருந்தது. ஒன்றே காலுக்கு மோர் வாங்கினேன். ஒன்று இருபத்தைந்துக்கு எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். அப்போது தபால் பிரிவு அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மகன் நீட் எழுதிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு பத்துக்கு வந்து பார்த்தேன். இல்லை. மென்பொருள் தன் வேலையைக் குறித்துவைக்கும் லாக் கோப்பும் அதே ஏழு நாள்தான், அதிலும் இல்லை.

வேண்டுமென்று செய்யவில்லை.

மேலே உள்ள வரியை இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும். அளவுகள் அங்கே இல்லை என்று பார்த்தவுடன் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. காய்ச்சல் இறங்கினால் உடம்பு லேசாகுமே, அந்த மாதிரி. பென்டிரைவ் சட்டைப்பையிலேயே இருந்தது. வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்று எழுதுவதற்கும் எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை.

நவம்பர் 27, வியாழன்

விசாரணை பத்தரைக்குத் தொடங்கியது. எழிலரசி மேடம், ஒரு எழுத்தர், ஞானதுரை சார், நான், பேச்சித்தாய். அந்த அம்மாவை நிற்க வைத்தே கேட்டார்கள்.

மேடம் பதிவேட்டைப் புரட்டி, அளவுகளை வாய்விட்டு வாசித்தார்கள். "பதினோரு அளவும் ஒரே பேனா, ஒரே மை. ஒரே மூச்சுல உக்காந்து பிறகு எழுதினதுதானே?"

"என்ட்ட ஒரு பேனாதான் இருக்கு மேடம்."

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரோ என்று சந்தேகம்.

"சரி. போன்ல அனுப்பினீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

பேச்சித்தாய் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அனுப்புனேன்னுதான் மேடம் இருந்தேன். டிக்கு விழுந்ததையும் எண்ணுனேன். ஆனா சார் நல்லாப் பாத்துட்டு வரலன்னுட்டாக. ராவும் பகலும் அதையேதான் யோசிக்கேன். மழையில கண்ணு மறைச்சிருக்கும். நான்தான் அமுக்காம விட்டுட்டனோ என்னமோ."

நான் எழுந்து நின்றுவிட்டேன். திட்டம் போட்டு நிற்கவில்லை. அந்த அம்மா எண்ணிய எண்ணிக்கை சரி. பதினொன்றுதான். அதை அவரே இல்லை என்று சொல்லும்படி ஆயிற்று. அதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"மேடம், அவங்க அனுப்பினாங்க. பதினோரு அளவும் வந்துச்சு. நான் பன்னிரண்டாம் தேதி மென்பொருள்ல ஒரு மாற்றம் பண்ணினேன். அதனால தொடங்கும்போது தேங்கி நின்னதையெல்லாம் அது விட்டுட்டுப் போயிடுச்சு. தப்பு என்னோடது."

ஞானதுரை சார் மேஜைக்கடியில் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அந்த அளவுகளைக் காட்டுங்க."

"இப்ப இல்ல மேடம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்துச்சு."

"அந்த மாற்றம்?"

"இருபதாம் தேதி திரும்பப் பழையபடி வச்சிட்டேன்."

"பதிவேட்டுல எழுதினீங்களா?"

"இல்ல."

"அப்ப என்னதான் இருக்கு உங்ககிட்ட?"

ஞானதுரை சார் குறுக்கே பேசினார். "மேடம், சனிக்கிழமை இந்த அம்மா எங்க ரூமுக்கு வந்து அழுதுச்சு. அப்ப நம்பிதான் நல்லாப் பாத்துட்டேன், வரலன்னு சொன்னாரு. நாங்க அஞ்சு பேரு கேட்டோம். தம்பிக்கு இளகுன மனசு. அது அழுததப் பாத்ததுல இருந்தே மூஞ்சி சரியில்ல."

மேடம் குரல் இறங்கிவிட்டது. "நம்பிராஜன், உங்க மனசு எனக்குப் புரியுது. ஒருத்தர் வேலைய காப்பாத்தணும்னு நினைக்கிறது நல்லதுதான். ஆனா அதுக்காகத் தன் தலையில பழியப் போட்டுக்கக் கூடாது. உக்காருங்க." எழுத்தரிடம், "இத எழுத வேண்டாம்" என்றார்கள்.

பேச்சித்தாய் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் எல்லாவற்றையும் இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேனே என்று அப்போது தோன்றியது. நேற்று உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதினதா என்று கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. கேன்டீனில் உட்கார்ந்திருந்ததைப் படிப்பார்கள். நிம்மதி என்று எழுதியிருப்பதைப் படிப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை. குற்றத்தை ஒத்துக்கொள்ளும்போதும் எனக்குக் கொஞ்சம் நல்லவனாக நிற்கவேண்டியிருக்கிறது.

வெளியே வராந்தாவில் ஞானதுரை சார் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "வே, நீரு சொன்னது நெசமாவே இருந்தாலும் வாயப் பொத்திக்கிட்டு இரும். கலெக்டர் ஆபீஸ் மெஷினாலதான் தண்ணி வந்துச்சுன்னா, நாளைக்கு அறுபத்தெட்டு வீடும் இந்த வாசல்ல வந்து உக்காரும். யாரு பதில் சொல்லுவா? நீரா, நானா?"

அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பா பள்ளிக்கூடம் போன பிறகு, அடுப்படியில் வைத்து. சொல்லி முடிக்கிறவரைக்கும் அவள் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"சனிக்கிழமை அவங்க வந்து கேட்டப்ப, அது அங்கனதான இருந்துச்சு?" என்றாள்.

"இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை நாம காலனிக்குப் போனப்பவும்?"

"ஆமா."

கீரையை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். நான் அரைநாள் விடுப்புப் போட்டு, கலெக்டருக்கு மூன்று பக்கம் எழுதினேன். தேதி, நேரம், அளவு, என்ன மாற்றினேன், எப்போது திரும்ப மாற்றினேன், சனிக்கிழமை பொய் சொன்னது, செவ்வாய்க்கிழமை எடுக்காமல் விட்டது, எல்லாம். கேன்டீனையும் எழுதினேன். வடிவு படித்துப் பார்த்துவிட்டு ஒரு இடத்தில் தேதியைத் திருத்தினாள். மத்தியானம் கொண்டுபோய்த் தபால் பிரிவில் கொடுத்தேன். எங்கள் அறை சம்பந்தப்பட்ட தாள் என்றால் ஞானதுரை சார் வழியாகத்தான் மேலே போகவேண்டுமாம். அவர் மேஜையில் வைத்தார்கள். போகட்டும், போய்ச் சேரும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் சாப்பாடு ருசித்தது.

நவம்பர் 30, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வாசலில் ஆள் சத்தம். பேச்சித்தாய். அலுவலகத்து வாட்ச்மேனிடம் விலாசம் கேட்டு வந்திருக்கிறார். கையில் நாலு முருங்கைக்காய். வடிவு உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். பாப்பாவைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினார்.

"உங்க வீட்டுக்காரரு மாதிரி ஒருத்தர நான் பாத்ததில்லம்மா," என்று வடிவிடம் சொன்னார். "கூடப் பொறந்தவன்கூட எனக்காக இப்படிப் பொய் சொல்ல மாட்டான்."

"அது பொய் இல்லக்கா," என்றேன். "நீங்க அனுப்பினீங்க. பத்தே முக்காலுக்கு மூன்றரை அடி. ஒன்றே காலுக்கு ஒன்பது அடி மூணு அங்குலம். நான் என் கண்ணால பாத்தேன். உங்ககிட்ட இல்லன்னு சொன்னதுதான் பொய்."

சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்பது போலச் சிரித்தார். "என் பதிவேட்டுல இருக்கதுதான தம்பி அது? அன்னைக்கு மேடம் வாசிச்சத நானும் கேட்டேன்லா. எவ்வளவு ஞாபகமா வச்சிருக்கீக." சார் என்று கூப்பிட்டவர் இன்று தம்பி என்றார்.

வடிவு என்னைப் பார்க்கவில்லை. காப்பி போட உள்ளே போனாள்.

"நேத்து தாசில்தார் சாரு என்னையக் கூப்பிட்டுவிட்டாரு தம்பி. நீங்க மூணு பக்கம் எழுதிக் குடுத்துருக்கீகளாமே. அதக் காட்டுனாரு. இப்படிப் பொய்யா எழுதிக் குடுத்தா உங்க வேலையும் போயிரும், போலீஸ் கேஸும் வரும்னாரு. மார்ச்சுல கையெழுத்துப் போடவே மாட்டேன்னாரு. நான் அனுப்பலன்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுட்டா, உங்க தாள என் கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போட்டுருதேன்னு சொன்னாரு."

நான் கேட்டேன்: "போட்டீங்களா?"

"போடாம? எனக்கு எப்படியும் போன வேலதான். பதினோரு வருசம் பாத்தாச்சு, எங்கனயாவது நாத்து நடப் போவேன். உங்களுக்குப் பச்சப்பிள்ள இருக்கு." பாப்பாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "கிழிச்சுப் போட்டாரு தம்பி. நான் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். இனிமே உங்களுக்கு ஒண்ணும் வராது. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

வடிவு காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். இன்னொரு மூன்று பக்கம் எழுதலாம், கலெக்டரை நேரில் பார்க்கலாம், இந்த டைரியையே கொண்டுபோய்க் கொடுக்கலாம், எல்லாம் மனசில் வந்தது. வாயில் வந்தது வேறு.

"ரொம்ப நன்றிக்கா" என்றேன்.